மூன்று நஞ்சுகளும் ஒன்றரை மணி நேரமும்: ‘மைட்டோ ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ குறித்து ஒரு மதிப்புரை

மரபுவழி வளர்சிதை மாற்றக் குறைபாடு உள்ள ஒருவரின் தோலிலிருந்து வளர்த்தெடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும் இணைப்புத் திசுச் செல்கள் எப்படி மூச்சு விடுகின்றன, அதாவது ஆக்சிஜனை எவ்வளவு வேகமாகச் செலவழிக்கின்றன என்று பார்க்க வேண்டி வந்தால், இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் நாடுவது சீஹார்ஸ் எக்ஸ்எஃப் என்னும் கருவியையும் அதற்கென விற்கப்படும் ‘மைட்டோ ஸ்ட்ரெஸ் டெஸ்ட்’ என்னும் வேதிப்பொருள் தொகுப்பையும்தான். சீஹார்ஸ் பயோசயன்ஸ் நிறுவனம் உருவாக்கிய இக்கருவி, 2015இல் அந்நிறுவனம் அஜிலென்ட்டின் கைக்குப் போன பிறகும் சீஹார்ஸ் என்ற பெயரிலேயே விற்பனையில் இருக்கிறது. 96 குழிகள் கொண்ட தட்டில் இயங்கும் வகையைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். கருவி நல்ல கருவி. ஆனால் அதன் தொகுப்பின் பெயரில் உள்ள ‘ஸ்ட்ரெஸ்’ என்ற சொல், பெட்டிக்குள் இருப்பதைவிடப் பெரிய ஒன்றை வாக்களிக்கிறது என்பதே என் முதன்மையான மனத்தாங்கல். இம்மதிப்புரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘ஸ்ட்ரெஸ்’ என்றதும் தமிழில் ‘மன அழுத்தம்’ என்று கை தானாக எழுதிவிடுகிறது. செல்லுக்கு மனம் இல்லாததால் ‘நெருக்கடி’ என்ற சொல்லையே நான் பயன்படுத்துகிறேன். அதில் ஒரு வசதியும் உண்டு: நெருக்கடி வேறு, நெருக்கடியைச் செல் எதிர்கொள்ளும் விதம் வேறு என்று பிரித்துப் பேச முடிகிறது. நொதி ஒன்று வேலை செய்யாததால் ஆற்றல் குறைவதும், நச்சுப்பொருள் தேங்குவதும், மடிய வேண்டிய முறையில் மடியாத, அதாவது உரிய வடிவத்துக்கு மடங்காத, புரதம் குவிவதும் நெருக்கடிகள். அவற்றை உணர்ந்து, புரத உற்பத்தியைக் குறைத்து, சில மரபணுக்களை முடுக்கி, பழுதான உறுப்புகளைச் செரித்து, செல் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்வது எதிர்வினை. இந்தத் தொகுப்பு முதலாவதை அளக்கிறது. இரண்டாவதை அளப்பதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள்.

கருவி செயல்படும் முறை அழகானது. தட்டின் ஒவ்வொரு குழியின் அடியிலும் செல்கள் ஒட்டி வளர்ந்திருக்கும். மேலிருந்து இறங்கும் கார்ட்ரிட்ஜின் முனைகளில் இரண்டு ஒளிர்பொருள்கள் பதிக்கப்பட்டுள்ளன. ஒன்று ஆக்சிஜனையும் மற்றொன்று அமிலத்தன்மையையும் உணரும். முனை இறங்கியதும் செல்களுக்கு மேலே இரண்டு மைக்ரோலிட்டரைச் சற்றே தாண்டும் சிறிய அறை ஒன்று தற்காலிகமாக மூடப்படுகிறது. சில நிமிடங்களில் அந்த அறையில் ஆக்சிஜன் எவ்வளவு குறைந்தது என்பதிலிருந்து செல்களின் சுவாச வேகம் கணக்கிடப்படுகிறது. பிறகு முனை மேலெழுந்து, ஊடகம் கலக்கப்பட்டு, ஆக்சிஜன் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அடுத்த அளவீடு தொடங்குகிறது. ஒவ்வொரு குழிக்கும் நான்கு சிறு கொள்கலன்கள் உண்டு. அவற்றில் நிரப்பி வைத்த மருந்துகளைக் கருவி தானே உரிய நேரத்தில் உள்ளே செலுத்தும்.

ஆக்சிஜனை அளக்கும் பழைய கருவியான கிளார்க் மின்முனையில் வேலை பழகியவர்களுக்கு இதன் அருமை புரியும். அங்கே லட்சக்கணக்கான செல்களைத் தட்டிலிருந்து பிரித்தெடுத்து, அறைக்குள் மிதக்கவிட்டு, காந்தத் துண்டால் கலக்கிக்கொண்டே அளக்க வேண்டும். ஃபைப்ரோபிளாஸ்ட் ஒட்டி வாழும் செல். அதைப் பிடுங்கி மிதக்கவிடுவதே அதற்கு ஒரு நெருக்கடி. அதிலும், நோயாளியின் செல்கள் பெரும்பாலும் மெதுவாகப் பெருகுபவை. அரிசிமணி அளவுத் தோல் துண்டிலிருந்து வாரக்கணக்கில் காத்திருந்து வளர்த்ததை ஒரே அளவீட்டில் செலவழித்துவிட யாருக்கும் மனம் வராது. இங்கே குழிக்குச் சில பத்தாயிரம் செல்கள் போதும். நோயாளியின் செல்களையும் நலமான பலரின் செல்களையும் ஒரே தட்டில், ஒரே நாளில், ஒரே ஊடகத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். வேறு எதற்காக இல்லாவிட்டாலும் இந்த ஒன்றுக்காகவே கருவியைப் பரிந்துரைப்பேன்.

இனி அந்த மூன்று குப்பிகள். முதலாவது ஒலிகோமைசின். செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில், ஆற்றலைச் சுமக்கும் ஏடிபி மூலக்கூறைத் தயாரிக்கும் நொதியை அது அடைத்துவிடுகிறது. அதன் பிறகு சுவாசம் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு ஏடிபிக்காகச் செலவாகிக்கொண்டிருந்தது என்று பொருள். இரண்டாவது எஃப்சிசிபி. சவ்வின் ஒரு பக்கத்தில் தேங்கியிருக்கும் புரோட்டான்களை அது கட்டுப்பாடின்றிக் கசியவிடுகிறது. அணையின் மதகுகளையெல்லாம் திறந்துவிட்டதுபோல, ஆக்சிஜனைச் செலவழித்து அந்தப் புரோட்டான்களை ஏற்றும் எலக்ட்ரான் கடத்தும் சங்கிலி தன் முழு வேகத்துக்கு ஓடுகிறது. மூன்றாவது குப்பியில் ரோட்டினோனும் ஆன்டிமைசினும் சேர்ந்திருக்கின்றன. ஒன்று அந்தச் சங்கிலியின் கண்ணிகளில் காம்ப்ளெக்ஸ் 1ஐயும் மற்றொன்று காம்ப்ளெக்ஸ் 3ஐயும் தடுத்துச் சங்கிலியை நிறுத்திவிடும். அதற்குப் பிறகும் மிஞ்சும் ஆக்சிஜன் செலவு மைட்டோகாண்ட்ரியாவைச் சேர்ந்ததன்று. இந்த ஏற்ற இறக்கங்களைக் கழித்துப் பார்த்தால் அடிப்படைச் சுவாசம், ஏடிபிக்கான பங்கு, புரோட்டான் கசிவு, உச்சச் சுவாசம், உச்சத்துக்கும் அடிப்படைக்கும் உள்ள வேறுபாடான இருப்புத் திறன் ஆகிய எண்கள் வரிசையாகக் கிடைக்கின்றன.

இந்த எண்களின் பொருளை உணர்வதற்கு ரோல்ஃப் லுஃப்டும் அவருடைய குழுவினரும் 1962இல் விவரித்த நோயாளியை நினைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம். தைராய்டு சுரப்பி ஒழுங்காக இருந்தும் உடல் ஓயாமல் எரிந்துகொண்டிருந்த ஒருவரின் தசையிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, சுவாசமும் ஏடிபி உற்பத்தியும் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கவில்லை என்று அவர்கள் கண்டார்கள். மைட்டோகாண்ட்ரியா சார்ந்த நோய் என்று அடையாளம் காணப்பட்ட முதல் நோய் அதுதான். அத்தகைய செல் இந்தத் தட்டில் அமர்ந்தால், ஒலிகோமைசின் செலுத்திய பிறகும் கோடு கீழே இறங்க மறுக்கும். அன்று தசையைத் திறந்து, மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, பெரும்பாடுபட்டுக் கண்டதை இன்று ஒன்றரை மணி நேரத்தில் திரையில் பார்க்கலாம் என்பதை நான் சிறிதாக மதிப்பிடவில்லை.

காம்ப்ளெக்ஸ் 1இன் புரதங்களைக் குறிக்கும் மரபணுக்களில் சடுதிமாற்றம் உள்ள செல்களில் தொகுப்பு தன் திறமையை முழுமையாகக் காட்டுகிறது. மூளையைப் பாதிக்கும் மைட்டோகாண்ட்ரிய நோயான லீ நோய்க்குறி உள்ள குழந்தைகளின் செல்களில் அடிப்படைச் சுவாசம் ஓரளவு குறைந்தும் உச்சச் சுவாசம் வெகுவாகக் குறைந்தும் இருப்பதை ஒரே தட்டில் தெளிவாகப் பார்த்திருக்கிறேன். எந்தக் காம்ப்ளெக்ஸில் பழுது என்று மேலும் துருவ வேண்டுமானால், செல்லின் வெளிச்சவ்வில் மட்டும் துளையிட்டு, பைருவேட்டும் மாலேட்டும் கொடுத்து ஒரு முறை, காம்ப்ளெக்ஸ் 1ஐத் தொடாமல் சங்கிலிக்கு எரிபொருளாகும் சக்சினேட் கொடுத்து ஒரு முறை என்று அளக்கலாம். சக்சினேட் தரும்போது சுவாசம் மீண்டுவிட்டால் பழுது காம்ப்ளெக்ஸ் 1இலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது. அடிப்படைத் தொகுப்பில் இது அடங்காது என்றாலும் கருவி இதற்கு இடம் தருகிறது.

நடைமுறைச் சிக்கல்களை நீட்டிச் சொல்லப் போவதில்லை. கார்ட்ரிட்ஜை முந்தைய இரவே ஊற வைக்க வேண்டும். பைகார்பனேட் இல்லாத ஊடகத்துக்கு மாற்றிய பின், கரியமில வாயு இல்லாத பெட்டியில் ஒரு மணி நேரம் செல்களை வைக்க வேண்டும். மூலைக் குழிகளைப் பின்னணி அளவீட்டுக்காக வெறுமையாக விட வேண்டும். எஃப்சிசிபியின் செறிவை ஒவ்வொரு செல் வகைக்கும் தனியே கண்டறிய வேண்டும் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். குறைந்தால் உச்சம் வெளிப்படாது; மிகுந்தாலோ சுவாசமே நின்றுவிடும். தொகுப்போடு வரும் கையேட்டில் உள்ள செறிவை அப்படியே எடுத்துக்கொண்டு ‘நோயாளியின் இருப்புத் திறன் குறைவு’ என்று எழுதப்பட்ட கட்டுரைகளைப் படிக்கும்போது, குறைந்தது செல்லா செறிவா என்ற கேள்வி எனக்கு எழாமல் போவதில்லை. சில செல் வகைகளில் ஒலிகோமைசின் ஏற்கெனவே இருப்பதாலேயே எஃப்சிசிபியின் உச்சம் தாழ்ந்துவிடுவதும் அறியப்பட்டதே. அத்தகைய செல்களுக்கு ஒலிகோமைசின் இல்லாத சில குழிகளைத் தனியே ஒதுக்குவது நல்லது.

நான் செய்த பிழை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நோயாளியின் செல்களில் சுவாசம் எல்லா நிலைகளிலும் குறைந்திருப்பதாகப் பல மாதங்கள் நம்பிக்கொண்டிருந்தேன். அளவீட்டுக்குப் பின் குழிகளை உட்கருச் சாயமிட்டு எண்ணிப் பார்த்தபோதுதான், மெதுவாகப் பெருகும் அந்தச் செல்கள் குழியில் ஒழுங்காக ஒட்டாமல், கழுவும்போது பாதிக்கு மேல் போயிருந்தது தெரிந்தது. கருவி பொய் சொல்லவில்லை. பாதிச் செல்களின் மூச்சை அது உண்மையாகவே அளந்திருந்தது. அன்றிலிருந்து எண்ணிக்கையால் வகுக்காத எந்த எண்ணையும் நான் பார்ப்பதில்லை. எத்தனையாவது முறை பிரித்து வளர்த்த செல்கள் என்பதையும் குறித்து வைக்கிறேன். முதிர்ந்த செல்களின் சுவாசம் தானே மாறிவிடும்.

எல்லாக் குறைபாடுகளுக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் சாட்சி சொல்லாது. ஃபினைல்அலனைன் என்னும் அமினோ அமிலம் தேங்கும் ஃபினைல்கீட்டோனூரியாவில் பழுதடையும் நொதி தோல் செல்லில் உருவாவதே இல்லை. அமோனியா தேங்கும் ஆர்னிதின் டிரான்ஸ்கார்பமைலேஸ் குறைபாட்டின் நொதி பெரும்பாலும் கல்லீரலுக்கும் குடலுக்கும் உரியது. அவற்றை இந்தத் தட்டில் வைத்து ‘சுவாசம் இயல்பாக உள்ளது’ என்று முடிவு கூறுவது, மூடிய கடைக்கு முன்னால் நின்றுகொண்டு வியாபாரம் இல்லை என்று சொல்வதற்கு ஒப்பாகும். கொழுப்பு அமிலங்களை எரிக்கும் நொதிகளின் குறைபாடுகளிலும் எச்சரிக்கை தேவை. குளுக்கோஸ் தாராளமாக உள்ள வழக்கமான ஊடகத்தில் அந்தச் செல்கள் கொழுப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. குளுக்கோஸைக் குறைத்து, கார்னிட்டினும் ஆல்புமினில் ஏற்றிய பால்மிட்டேட்டும் கொடுத்துத்தான் அவற்றைச் சோதிக்க முடியும். கொழுப்பு எரிப்பைத் தடுத்துப் பார்ப்பதற்காகச் சேர்க்கப்படும் எடோமாக்சிர் அதிகச் செறிவில் காம்ப்ளெக்ஸ் 1ஐயும் தடுக்கும் என்பதை மறந்தால், கிடைக்கும் முடிவு எதைப் பற்றியது என்றே சொல்ல இயலாது.

இப்போது மனத்தாங்கலுக்கு வருகிறேன். பிரிட்டிஷ் மருத்துவர் ஆர்ச்சிபால்ட் கேரட் 1902இல், சிறுநீர் கருக்கும் அல்காப்டோனூரியா நோய் பற்றி எழுதியபோதும், 1908இல் தன் சொற்பொழிவுகளில் ‘பிறவிப் பிழைகள்’ என்ற கருத்தை முன்வைத்தபோதும், வேதிவினைத் தொடரில் ஓரிடத்தில் விழுந்த அடைப்பையே அவர் சுட்டிக்காட்டினார். அடைப்புக்கு முன்னால் தேக்கம், பின்னால் பற்றாக்குறை என்ற அந்தப் படம் இன்றும் செல்லுபடியாகும். அந்த அடைப்போடு செல் கருவிலிருந்தே வாழ்ந்திருக்கிறது என்பதைப் படம் காட்டுவதில்லை. நம் கையில் உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட், பழுதை நேற்று சந்தித்த செல் கிடையாது. பல ஆண்டுகளாக அதற்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொண்ட செல். அதற்கு மூன்று நஞ்சுகளை ஒன்றரை மணி நேரத்துக்குள் அடுத்தடுத்துக் கொடுத்து அளக்கும்போது நாம் பெறுவது, அந்த நீண்ட தகவமைப்பின் முடிவில் எஞ்சியிருக்கும் இயந்திரத்தின் கொள்திறன்.

எதிர்வினை நடக்கும் இடமும் வேகமும் வேறு. செல்லில் நான்கு காவலர்கள் இருக்கிறார்கள்: மடியாத புரதம், செல்லுக்குள் புரதங்கள் மடிக்கப்படும் இடமான எண்டோபிளாச வலைப்பின்னலில் குவிந்தால் பெர்க் என்னும் கைனேஸும், அமினோ அமிலம் குறைந்தால் ஜிசிஎன்2 என்பதும், வைரஸின் இரட்டை இழை ஆர்என்ஏயைக் கண்டால் பிகேஆர் என்பதும், ஹீம் குறைந்தால் எச்ஆர்ஐ என்பதும் விழித்துக்கொள்கின்றன. நால்வரும் செய்வது ஒரே காரியம்தான். புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்2 ஆல்ஃபா என்னும் காரணியின் 51ஆம் செரினில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறார்கள். உடனே செல்லின் பொதுப் புரத உற்பத்தி தணிகிறது. ஆனால் ஏடிஎஃப்4 போன்ற சில புரதங்கள் மட்டும் அந்தத் தணிவிலேயே அதிகமாக உருவாகின்றன. ஏடிஎஃப்4 உட்கருவுக்குள் சென்று அமினோ அமில உற்பத்திக்கும் கடத்தலுக்குமான மரபணுக்களை முடுக்குகிறது. ஒருங்கிணைந்த நெருக்கடி எதிர்வினை என்று இதற்குப் பெயர்.

மைட்டோகாண்ட்ரியாவின் பழுது செல்லின் மற்றப் பகுதிக்கு எப்படித் தெரியவருகிறது என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 2020இல் வெளியான ஆய்வுகள் அதன் ஒரு வழியைத் திறந்து காட்டின. மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் உள்ள ஓமா1 என்னும் வெட்டுநொதி நெருக்கடியில் முடுக்கப்பட்டு, டெலி1 என்னும் புரதத்தை நறுக்குகிறது. நறுக்கப்பட்ட துண்டு சைட்டோபிளாசத்துக்கு வந்து எச்ஆர்ஐயை எழுப்புகிறது. இந்த வழியைக் கண்டறிய ஆய்வாளர்கள் செல்களுக்குக் கொடுத்த நெருக்கடிகளில் ஒன்று ஒலிகோமைசின். நம் தொகுப்பின் முதல் குப்பியில் இருக்கும் அதே ஒலிகோமைசின்! அங்கே அதைச் செல்களோடு மணிக்கணக்கில் விட்டுவைத்தார்கள், ஏடிஎஃப்4 எழுந்தது. இங்கே கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக அளந்துவிட்டு எஃப்சிசிபியைச் செலுத்துகிறோம். அடுத்த கால் மணி நேரத்தில் சங்கிலியையே முடக்குகிறோம். பிறகு தட்டைக் குப்பையில் போடுகிறோம். மணி அடித்து, காவலர் வெளியே வருவதற்குள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விடும் விருந்தாளியைப் போன்றது இந்தச் சோதனை. நெருக்கடியை உண்டாக்கும் பொருள் பெட்டியில் இருக்கிறது. அதற்குச் செல் தரும் பதிலைக் கேட்டு நிற்க நேரம் ஒதுக்கப்படவில்லை.

பெயரை மட்டும் பற்றிய வாதமாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயைப் புரிந்துகொள்வதில் விளைவு உண்டு. எதிர்வினை வெற்றி பெற்ற செல்லில் சுவாச எண்கள் இயல்பாகவே இருக்கக்கூடும். அந்த இயல்பு நிலைக்காகச் செல் ஏடிஎஃப்4ஐ ஓயாமல் உயர்த்தி வைத்திருப்பது அந்த வரைபடத்தில் தெரியாது. மைட்டோகாண்ட்ரியா சார்ந்த தசை நோய்களில் இரத்தத்தில் எஃப்ஜிஎஃப்21, ஜிடிஎஃப்15 என்னும் இரண்டு புரதங்கள் உயர்ந்திருப்பது நன்கறியப்பட்டது. இரண்டுமே இந்த எதிர்வினையின் கிளைகளாக எழுபவை. உடல் எழுதி அனுப்பும் முறையீட்டுக் கடிதங்கள் என்று சொல்லலாம். அந்தக் கடிதத்தைப் படிக்க இந்தக் கருவியால் இயலாது. ஆனால், தட்டில் செல்களுக்கு மேலே இருந்த வளர்ப்பு ஊடகத்தை மாற்றும் முன் சிறிது எடுத்து உறைய வைத்தால் ஜிடிஎஃப்15ஐத் தனியே அளந்துகொள்ளலாம். கையேட்டில் இல்லாத இந்தச் சிறு வேலை எனக்குப் பல முறை கைகொடுத்திருக்கிறது.

சோதனை ஊடகமும் ஒரு வகையில் கூட்டுச்சதி செய்கிறது. 10 மில்லிமோலார் குளுக்கோஸ், 1 மில்லிமோலார் பைருவேட், 2 மில்லிமோலார் குளுட்டமின் என்பது வழக்கமான கலவை. வளர்ப்பின்போதும் இதுபோன்ற, சில வேளை இதைவிட வளமான ஊடகத்தையே கொடுக்கிறோம். குளுக்கோஸ் இருக்கும்வரை ஃபைப்ரோபிளாஸ்ட், மைட்டோகாண்ட்ரியா இல்லாமலே குளுக்கோஸை உடைத்து ஆற்றல் பெறும் கிளைக்காலிசிஸிலேயே பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பைருவேட் இன்னும் தந்திரமானது: எலக்ட்ரான் சங்கிலி தடைப்பட்டால் செல்லில் எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்ஏடிஎச் மூலக்கூறு தேங்கி, அஸ்பார்ட்டேட் உற்பத்தி குறைகிறது, அந்தக் குறைவும் ஒருங்கிணைந்த எதிர்வினையை எழுப்பும் ஒரு காரணம். வெளியிலிருந்து பைருவேட் கிடைத்துவிட்டால் செல் அதை லாக்டேட்டாக மாற்றி என்ஏடிஎச்சைக் கரைத்துக்கொள்கிறது. நெருக்கடி பாதி மறைந்துவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ முழுவதையும் இழந்த செல்களைப் பைருவேட்டும் யூரிடினும் கொடுத்தே வாழவைக்க முடியும் என்றால், இந்த மென்மையான மடியில் பழுதுகள் எவ்வளவு மறைந்து கிடக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். குளுக்கோஸுக்குப் பதிலாக கேலக்டோஸ் கொடுத்து ஒன்றிரண்டு நாள்கள் வளர்த்தபின் அளப்பது பழைய உத்தி. கேலக்டோஸிலிருந்து கிளைக்காலிசிஸ் வழியே ஆற்றல் மிக மெதுவாகவே கிடைப்பதால் செல் மைட்டோகாண்ட்ரியாவை நம்பியே ஆகவேண்டும். கேலக்டோஸைச் சிதைக்க முடியாத கேலக்டோசீமியா செல்களுக்கு மட்டும் இதைச் செய்துவிடாதீர்கள். அங்கே கேலக்டோஸே நஞ்சு.

ஆக்சிஜனும் அப்படியே. கருவி சாதாரணக் காற்றில் இயங்குகிறது. உடலுக்குள் திசுக்கள் பெறும் ஆக்சிஜன் அதைவிட மிகக் குறைவு. காம்ப்ளெக்ஸ் 1இன் ஒரு புரதத்துக்கான என்டியுஎஃப்எஸ்4 மரபணு நீக்கப்பட்ட, லீ நோய்க்குறியை ஒத்த நோய் வரும் எலிகளை 11 சதவீத ஆக்சிஜனில் வாழவிட்டபோது அவற்றின் ஆயுள் கணிசமாக நீண்டது என்று 2016இல் காட்டப்பட்டது. காற்றில் உள்ள 21 சதவீதமே பழுதான செல்லுக்குச் சுமையாக இருக்கலாம் என்ற நிலையில், தட்டில் காணும் நெருக்கடியில் எவ்வளவு நோயுடையது, எவ்வளவு நம் ஆய்வகக் காற்றுடையது என்று பிரிப்பது எளிதன்று.

சுவாசத்தோடு நேரடித் தொடர்பில்லாத நெருக்கடிகளுக்கு வந்தால் தொகுப்பு முற்றிலும் மௌனமாகிவிடுகிறது. மரபுவழி வளர்சிதை மாற்றக் குறைபாடுகளில் பெரும் எண்ணிக்கையானவற்றில் நொதி இல்லாமல் போவதில்லை. உருவாகிறது, ஆனால் ஒழுங்காக மடிவதில்லை. ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் குறைபாட்டில் 342ஆம் இடத்து குளுட்டமேட் லைசினாக மாறிய புரதம், கல்லீரல் செல்லின் எண்டோபிளாச வலைப்பின்னலுக்குள் சங்கிலி சங்கிலியாகக் கோத்துக்கொண்டு தேங்குகிறது. இத்தனை தேங்கியும் மடியாப் புரத எதிர்வினை அதில் பெரிதாக எழுவதில்லை என்பது, குவியல் எல்லாம் ஒரே வகை எதிர்வினையைத் தூண்டும் என்று எளிதாக நினைப்பவர்களை நிறுத்தி யோசிக்க வைக்கும். கோஷே நோயில் பழுதான குளுக்கோசெரிப்ரோசிடேஸ் நொதி, செல்லின் கழிவுகளைச் செரிக்கும் உறுப்பான லைசோசோமைச் சென்றடையாமல் வலைப்பின்னலிலேயே தடுத்து வைக்கப்பட்டு அழிக்கப்படுகிறது. லைசோசோமில் கொழுப்பு தேங்க, பழைய மைட்டோகாண்ட்ரியாவைச் செரிக்கும் வேலையும் தடுமாறுகிறது. இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் சுவாச எண்கள் மாறத் தொடங்கும். அதாவது நோயின் மூன்றாவது அத்தியாயத்தை மட்டும் கருவி வாசிக்கிறது. ஃபேப்ரி நோய்க்கான மிகலாஸ்டாட் போல, புரதத்தைத் தாங்கி மடியவைக்கும் மருந்துகளின் பலனை இதைக் கொண்டு மதிப்பிட முயல்வது வீண். அதற்கு நொதியின் செயல்பாட்டையே அளக்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். ஃபெருச்சியோ ரிட்டோசா 1962இல், லுஃப்ட் எழுதிய அதே ஆண்டில், பழ ஈயின் செல்கள் தவறுதலாக வெப்பம் கூட்டப்பட்ட பெட்டியில் இருந்ததால் குரோமோசோமில் புதிய வீக்கங்கள் தோன்றியதைக் கண்டார். வெப்ப அதிர்ச்சி எதிர்வினை அறியப்பட்டது அப்படித்தான். நம் துறைக்கு இது நெருங்கிய செய்தி. நடுத்தரச் சங்கிலி கொழுப்பு அமிலங்களை எரிக்கும் எம்கேட் நொதியின் மிகப் பரவலான சடுதிமாற்றம் அதன் மடிப்பைத் தளரச் செய்கிறது. கொழுப்பு அமிலங்களை மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொண்டுசெல்ல உதவும் சிபிடி2 நொதியின் சில மாற்றங்கள் வெப்பம் ஏறினால் செயலிழப்பவை. பட்டினியோடு காய்ச்சலும் சேரும்போதே இக்குழந்தைகள் பெரும்பாலும் நிலைகுலைகிறார்கள். கருவியின் வழக்கமான சோதனையோ 37 டிகிரியில், வயிறு நிறைந்த செல்களோடு, அமைதியாக நடக்கிறது. தட்டை முந்தைய நாள் 40 டிகிரியில் வைத்திருந்து பிறகு அளப்பதை நான் செய்வதுண்டு. நலமான செல்களும் அதில் வாடும் என்பதால் ஒப்பீட்டுக் குழிகளை இரட்டிப்பாக்க வேண்டியிருக்கிறது.

3243ஆம் இடத்தில் அடினின் குவானினாக மாறிய மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ உள்ள நோயாளிகளின் செல்களைப் பற்றித் தனியே கேட்கிறார்கள். அவற்றில் மாறிய டிஎன்ஏயும் மாறாததும் கலந்திருக்கும். சுருக்கமாகச் சொன்னால், மாறிய டிஎன்ஏயின் விகிதத்தை அளக்கப்பட்ட அதே தொகுதிச் செல்களில் சரிபார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள். திசுவுக்குத் திசு அந்த விகிதம் மாறும்; வளர்ப்பிலும் நகரும்.

மென்பொருள் வேகமானது, பயன்படுத்த எளிது. கூடவே ஒரு தீங்கும் செய்கிறது: கழித்தல்களையெல்லாம் தானே செய்து, ‘இருப்புத் திறன்’ என்று ஓர் அழகிய பட்டை வரைபடத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது. இரண்டு அளவீடுகளின் வேறுபாடான அந்த எண்ணில் இரண்டின் பிழைகளும் சேர்ந்திருக்கும். அடிப்படைச் சுவாசம் குறைந்தாலே இருப்பு கூடியதுபோலத் தோன்றும். அமிலத்தன்மை வரைபடத்தையும் நேரடியாக லாக்டேட் என்று படிக்கக் கூடாது. சுவாசத்தில் வெளியாகும் கரியமில வாயுவும் ஊடகத்தைப் புளிக்கச் செய்கிறது. மூலக் கோடுகளைப் பார்க்காமல் பட்டைகளை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கருவியைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒருமுறை பயன்படுத்தி எறியும் கார்ட்ரிட்ஜும் தட்டும் சேர்ந்து குவிக்கும் பிளாஸ்டிக்கைப் பார்க்கும்போது வருத்தமாகவே இருக்கிறது.

வாங்கலாமா என்றால், எலக்ட்ரான் சங்கிலியின் பழுதுகளையும் பைருவேட் டீஹைட்ரஜனேஸ் போன்று அதற்கு எரிபொருள் தரும் நொதிகளின் பழுதுகளையும் ஆராயும் ஆய்வகத்துக்குத் தயங்காமல் வாங்கலாம் என்பேன். மாதத்துக்கு ஓரிரு மாதிரிகளை மட்டும் பார்ப்பவர்களுக்கு, இரண்டு அறைகள் கொண்ட உயர்நுட்பச் சுவாசமானி போதும். அது அதிகச் செல்களைக் கேட்டாலும், மருந்துகளைச் சிறுகச் சிறுகச் சேர்த்து அளக்க இடம் தருகிறது. லைசோசோம் நோய்களிலும் புரதம் மடியாத நோய்களிலும் மூழ்கியிருப்பவர்கள், இதை வாங்கும் செலவை நொதி அளவீட்டுக்கும் ஏடிஎஃப்4இன் இலக்கு மரபணுக்களை அளப்பதற்கும் முதலில் ஒதுக்குவது நல்லது.

என் ஆய்வகத்தில் இப்போது ஒவ்வொரு சோதனைக்கும் இரண்டு தட்டுகள் ஒரே நேரத்தில் விதைக்கப்படுகின்றன. ஒன்று கருவிக்குள் போகிறது. மற்றதில் சில குழிகளுக்கு மட்டும் அதே குப்பியின் ஒலிகோமைசினைக் கொடுத்து, ஆறு மணி நேரம் பெட்டியிலேயே விட்டுவைத்து, மாலையில் ஆர்என்ஏ எடுக்கிறோம். குப்பியில் உள்ளது ஒரு தட்டுக்கென அளந்து வைத்ததுதான். இருந்தாலும் கரைத்தபின் மிஞ்சுவது அந்தச் சில குழிகளுக்குப் போதுமானதாக இருக்கிறது.